நீலமா, மஞ்சளா? லேன் கேபிளின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

லேன் கேபிள் வாங்கப் போனால் கண்ணில் முதலில் படுவது நிறம்தான். சாம்பல், நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஒரே நீளத்தில் வரிசையாகத் தொங்கும். எது எதற்கு என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். மஞ்சள்தான் இன்டர்நெட்டுக்கு என்பார் ஒருவர். சிவப்பு கிராஸ் கேபிள் (இரண்டு கணினிகளை நேரடியாக இணைப்பது), அது உங்களுக்கு ஆகாது என்பார் இன்னொருவர். நீலம் என்றால் கேட் 6, சாம்பல் என்றால் பழைய கேட் 5 (கேட் என்பது கேபிளின் தர வகை) என்று அடித்துச் சொல்பவரும் உண்டு.

இவற்றில் எதையும் பொது விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஓர் அலுவலகத்திலோ ஏதோ ஒரு காலத்திலோ நிஜமாகவே புழங்கிய வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த வழக்கம் இடம் மாறி, காலம் தாண்டி, விதியைப் போல வாய்மொழியாகப் பரவிவிட்டது. கேபிளின் மேலுறையில் உள்ள நிறத்துக்கு எல்லோரையும் கட்டுப்படுத்தும் தரவிதி கிடையாது. அதே கேபிளை உரித்தால் உள்ளே தெரியும் எட்டு ஒயர்களின் நிறத்துக்கு மிகக் கண்டிப்பான விதி உண்டு. குழப்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

விதி இருக்கும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்?

வீட்டு மின்சார ஒயரில் நிறம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மூன்று ஃபேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது இந்தியாவில் நெடுநாள் நடைமுறை. எலக்ட்ரீசியன் பச்சை ஒயரைப் பார்த்ததும் அதை எர்த் என்றே எடுத்துக்கொள்வார். அங்கே நிறத்தை மாற்றிப் போட்டால் ஷாக் அடிக்கும். அந்தப் பழக்கத்தோடு லேன் கேபிளைப் பார்க்கும்போது, இங்கும் நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று அர்த்தம் இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

லேன் கேபிளின் மேலுறை பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். உருக்கிய பிளாஸ்டிக்கோடு நிறமியைக் கலந்து, முறுக்கிய செம்பு ஒயர்களின் மேல் குழாய்போலப் போர்த்துகிறார்கள். எந்த நிறமியைக் கலந்தாலும் உள்ளே ஓடும் சிக்னலுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் சிவப்பும் நீலமும் தயாராகலாம். வேகம் என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால் எல்லா நிறமும் ஒன்றுதான்.

கறுப்பு மட்டும் கொஞ்சம் வேறு

நிறத்தைத் தரும் பொருளே கேபிளைக் காப்பாற்றும் ஓர் இடம் உண்டு. வெயிலில் போடும் கேபிள்களுக்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் உறை போடுகிறார்கள். அதில் சுமார் 2 சதவீதம் கார்பன் கரித்தூள் கலக்கப்படுகிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை அந்தக் கரித்தூள் உள்வாங்கிக்கொள்வதால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் சிதையாமல் தப்பிக்கின்றன. வெளிப்புறக் கேபிள் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாதாரண சாம்பல் அல்லது வெள்ளை பிவிசி கேபிளை மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்டால் சில கோடைகளிலேயே உறை வெடித்து, விரலால் வளைத்தால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். வெடிப்பில் மழைநீர் இறங்கினால் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பூத்துப்போகும். மாடி ஏறும் கேபிள் என்றால் வெளிப்புறத்துக்கென்றே தயாரித்ததை வாங்குவதுதான் சரி. அதற்கும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வீட்டுக்குள் போடுவதற்கான பிவிசி கேபிளும் கறுப்பில் கிடைக்கிறது. உறையில் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு கவனம் வேண்டும்: பாலிஎத்திலீன் எளிதில் தீப்பிடித்துப் பரவும் பொருள். வெளிப்புறக் கேபிளைக் கட்டடத்துக்குள் நீள நெடுக ஓட்டுவது நல்லதல்ல.

ஈதர்நெட்டின் முதல் நிறம்

லேன் கேபிள் வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ளும் முறையான ஈதர்நெட் பிறந்தது அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில். பாப் மெட்காஃப் 1973-இல் எழுதிய ஒரு குறிப்பில் தொடங்கி, டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அமைப்பு அது. 1983-இல் அது ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பின் 802.3 என்ற தரமாக ஆனது. அந்தத் தொடக்க காலக் கேபிள் இன்றைய மெல்லிய ஒயர் போன்றதல்ல. சுண்டுவிரல் தடிமனில், வளைக்கவே சிரமமான கோஆக்சியல் கேபிள், அதாவது கேபிள் டிவி ஒயர் போல நடுவில் ஒரே உட்கம்பி கொண்டது. ஒரு துண்டு 500 மீட்டர் வரை ஓடும்.

அது பொதுவாக மஞ்சள் நிறத்தில் வந்தது. அதனால் தொழில்நுட்பர்கள் அதை மஞ்சள் கேபிள் என்றே அழைத்தார்கள். 2.5 மீட்டருக்கு ஒருமுறை அதன் மேல் கறுப்புப் பட்டை இருக்கும். கணினியை இணைக்கும் கருவியை, கேபிளை வெட்டாமலே பல்லால் கடிப்பதுபோல உறையைத் துளைத்து உட்கம்பியைத் தொட வைப்பார்கள். அந்தத் துளையை எங்கே வேண்டுமானாலும் போட்டால், இணைப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரலைகள் ஒன்றின் மேல் ஒன்று கூடி சிக்னலைக் கெடுக்கும். அதனால் பட்டை இருக்கும் இடத்தில் மட்டுமே துளைக்கலாம். மேலுறையில் இருந்த ஒரு குறி உண்மையிலேயே பொறியியல் பொருள் தாங்கியிருந்த காலம் அது. 1990-இல் தொலைபேசி ஒயர் போன்ற முறுக்கு ஜோடிக் கேபிளில் ஈதர்நெட் ஓடத் தொடங்கியதும் மஞ்சளும் பட்டையும் தேவையற்றுப் போயின. நிறம் வாங்குபவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

வழக்கத்தில் உள்ள அர்த்தங்கள்

விதி இல்லாவிட்டாலும் பல இடங்களில் திரும்பத் திரும்பக் காணக்கூடிய பழக்கங்கள் சில உண்டு. இவை எல்லாமே "அந்த இடத்தில் அப்படி" என்ற அளவில்தான் செல்லும்.

1. சாம்பல், நீலம்: சாதாரண இணைப்பு. மேசையிலிருந்து சுவர்ப் பெட்டிக்கு, பேட்ச் பேனலிலிருந்து (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை) சுவிட்சுக்கு (பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டி) என்று எண்ணிக்கையில் அதிகம் தேவைப்படும் கேபிள்களுக்கு இவற்றை எடுப்பார்கள்.

2. சிவப்பு: "இதைப் பிடுங்காதே" என்று சொல்ல. ஃபயர்வால், முக்கிய சர்வர், தீ எச்சரிக்கைக் கருவி போன்றவற்றுக்கு. சில இடங்களில் கிராஸ் கேபிளுக்கு.

3. மஞ்சள்: கேமரா, வைஃபை கருவி போன்றவற்றுக்கு லேன் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ இணைப்புகளுக்கு. வேறு சில இடங்களில் இதுவும் கிராஸ் கேபிள்.

4. பச்சை: அலுவலகங்களில் இதற்கு நிலையான பொருள் இல்லை. தொழிற்சாலைகளில் உண்டு. ப்ரோஃபிநெட் என்ற தொழிற்சாலை ஈதர்நெட் வகைக்குப் பச்சை உறை அடையாளமாகிவிட்டது. அதற்கு முந்திய ப்ரோஃபிபஸ் கேபிளுக்கு ஊதா.

5. வெளிர் நீலத் தட்டைக் கேபிள்: நெட்வொர்க் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிஸ்கோ ரவுட்டர்களைக் கணினியிலிருந்து அமைக்க உதவும் கன்சோல் கேபிள் இது. முனையில் இருப்பது லேன் பிளக்தான் என்றாலும் இதில் ஈதர்நெட் ஓடாது. ஒயர்களின் வரிசை ஒரு முனையில் 1 முதல் 8 என்றால் மறுமுனையில் 8 முதல் 1.

6. வீட்டு ரவுட்டரின் துளைகள்: கேபிள் அல்ல, துளையைச் சுற்றியுள்ள நிறம். ஒரு நிறுவனம் இன்டர்நெட் வரும் துளைக்கு நீலமும் மற்றவற்றுக்கு மஞ்சளும் வைக்கிறது. இன்னொரு நிறுவனம் இன்டர்நெட் துளைக்கே மஞ்சள் வைக்கிறது. பெட்டிக்குள் வரும் மஞ்சள் கேபிளை மஞ்சள் துளையில்தான் செருக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. துளையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் செருகினால் போதும்.

மூன்றாவது குறிப்பையும் இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தாலே பிரச்சினை விளங்கும். ஒரு கட்டடத்தில் மஞ்சள் என்றால் கேமரா, அடுத்த கட்டடத்தில் மஞ்சள் என்றால் கிராஸ். முதல் இடத்தில் வேலை கற்றவர் இரண்டாவது இடத்துக்குப் போய் நிறத்தை நம்பி ஒரு கேபிளைக் கழற்றினால், கழற்றியது எதை என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் எழுத்தில் உள்ள தரம் ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கத்தின் டிஐஏ-606 என்ற நிர்வாகத் தரம். கட்டடத்துக்குள் வெளி நிறுவனத்தின் இணைப்பு வந்து முடியும் இடத்துக்கு ஆரஞ்சு, மாடிகளில் மேசைகளை நோக்கிப் போகும் கேபிள்களுக்கு நீலம், கட்டடத்துக்குக் கட்டடம் போவதற்குப் பழுப்பு, சுவிட்ச் போன்ற பொதுக் கருவிகளுக்கு ஊதா என்று அது வரிசைப்படுத்துகிறது. அது பேசுவது கேபிள்கள் வந்து முடியும் பேனல் பகுதிகளையும் அவற்றின் லேபிள்களையும். உறையின் நிறத்தைப் பார்த்து கேபிளின் தரத்தைச் சொல்லும் அட்டவணை அல்ல அது. இணையத்தில் சுற்றும் பல நிற அட்டவணைகள் இந்தப் பட்டியலிலிருந்து நாலு வரியை எடுத்து, தங்கள் பழக்கத்தில் நாலு வரியைச் சேர்த்து உருவானவை.

நிறத்தைத் தவறவே விடக் கூடாத இடம் பாதுகாப்புத் துறை. அமெரிக்க அரசில் ரகசியத் தகவல் கொண்ட கருவிகளில் ஒட்டும் லேபிள்களுக்கு நிறம் வரையறுக்கப்பட்டுள்ளது: ரகசியம் சிவப்பு, அதி ரகசியம் ஆரஞ்சு, ரகசியமற்றது பச்சை. அங்கே ஒரு சிவப்பு வலைப்பின்னலின் கேபிள் தவறிப்போய்ப் பச்சை வலைப்பின்னலின் சுவிட்சில் செருகப்பட்டால் அது பெரிய பாதுகாப்பு மீறல். தள்ளி நின்று பார்த்தாலே தவறு தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தை அங்கே கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். உறையின் நிறத்துக்கு அந்த வலிமை, அந்த அமைப்புக்குள் எல்லோரும் ஒரே பொருளை ஏற்றுக்கொண்டதால் வந்தது.

கிராஸ் கேபிள் ஏன் தனி நிறம் கேட்டது?

நொடிக்கு 10, 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஈதர்நெட்டில் எட்டு ஒயர்களில் நான்குதான் வேலை செய்யும். கணினி, பிளக்கின் 1, 2 ஆம் பின்களில் பேசும். 3, 6 ஆம் பின்களில் கேட்கும். சுவிட்ச் இதற்கு நேர்மாறு. ஒன்று பேசும் இடத்தில் மற்றது கேட்பதால் நேர்க் கேபிள் போதும்.

இரண்டு கணினிகளை நேரடியாக இணைத்தால் சிக்கல். இரண்டும் ஒரே ஒயரில் பேசும், ஒரே ஒயரில் கேட்கும். எதிர்முனைக்கு எதுவும் காதில் விழாது. அதற்காகக் கேபிளுக்குள்ளேயே பேசும் ஜோடியைக் கேட்கும் ஜோடிக்கு மாற்றி இணைத்தார்கள். அதுதான் கிராஸ் கேபிள். வெளிப்பார்வைக்கு அது நேர்க் கேபிளைப் போலவே இருக்கும். கைதவறி அதைச் சுவிட்சுக்குப் போட்டுவிட்டு, இணைப்பு ஏன் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடியவர்கள் ஏராளம். தனி நிறம் தேவைப்பட்டது அதனால்தான். எந்த நிறம் என்பதில் மட்டும் ஒற்றுமை ஏற்படவில்லை.

எந்த ஒயரில் பேச வேண்டும் என்று தானே கண்டறிந்து மாற்றிக்கொள்ளும் வசதி பிறகு சுவிட்சுகளுக்குள் வந்தது. 1999-இல் செம்பு ஒயரில் கிகாபிட் ஈதர்நெட் தரமாக்கப்பட்ட பிறகு அது பரவலாகி, இன்றைய கருவிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. கிராஸ் கேபிளுக்கு வேலை போய்விட்டது. சிவப்பு என்றால் கிராஸ் என்ற பேச்சு மட்டும் மிச்சம்.

உறைக்குள் இருக்கும் எட்டு நிறங்கள்

இனி வருவது கண்டிப்பான பகுதி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஒயர்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடு போட்ட வெள்ளை ஒயர் ஒன்று துணை. ஆக நான்கு ஜோடி, எட்டு ஒயர்.

இந்த நான்கு நிறங்கள் தொலைபேசித் துறையின் சொத்து. அமெரிக்கத் தொலைபேசிக் கேபிள்களில் ஒரு பக்கம் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்ற ஐந்து நிறங்களையும் மறுபக்கம் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்ற ஐந்தையும் வைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து 25 ஜோடிகளை அடையாளம் காண்பார்கள். அந்தப் பட்டியலின் முதல் நான்கு ஜோடிகளை, வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு சேர்ந்தவற்றை, லேன் கேபிள் அப்படியே எடுத்துக்கொண்டது.

அவற்றை பிளக்கில் அடுக்க இரண்டு வரிசைகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. பிளக்கின் கொக்கி கீழே, ஒயர் நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக:

டி568பி: 1. வெள்ளை-ஆரஞ்சு, 2. ஆரஞ்சு, 3. வெள்ளை-பச்சை, 4. நீலம், 5. வெள்ளை-நீலம், 6. பச்சை, 7. வெள்ளை-பழுப்பு, 8. பழுப்பு.

டி568ஏ: 1. வெள்ளை-பச்சை, 2. பச்சை, 3. வெள்ளை-ஆரஞ்சு, 4. நீலம், 5. வெள்ளை-நீலம், 6. ஆரஞ்சு, 7. வெள்ளை-பழுப்பு, 8. பழுப்பு.

பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறியிருப்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. வேகத்தில் இரண்டும் சமம். இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் நேர்க் கேபிள். ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி என்றால் மேலே சொன்ன கிராஸ் கேபிள். ஒரு கட்டடத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

நடுவில் நீல ஜோடி பச்சையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பார்க்க விநோதமாக இருக்கும். அதுவும் தொலைபேசி விட்டுச்சென்ற வழக்கம். தொலைபேசிப் பிளக்கில் முதல் இணைப்பு நடுவில் உள்ள இரண்டு பின்களில் வரும். அதே சுவர்ப் பெட்டியில் தொலைபேசியையும் செருக முடிய வேண்டும் என்பதற்காக 4, 5 ஆம் இடங்களை முதல் ஜோடியான நீலத்துக்கு ஒதுக்கினார்கள். அடுத்த ஜோடி அதைச் சுற்றி 3, 6 ஆம் இடங்களுக்குப் போனது.

"இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்" என்பது ஏன் தவறு?

கிரிம்ப் செய்யும்போது, அதாவது ஒயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, பலர் சொல்லும் குறுக்குவழி இது. நிறம் எப்படி இருந்தால் என்ன, இந்தப் பக்கம் ஒன்றாவது வருவது அந்தப் பக்கமும் ஒன்றாவது வந்தால் மின்சாரம் போகத்தானே செய்யும் என்ற வாதம். மின்சாரம் போகும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் நெட்வொர்க் தடுமாறும். காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஒரு சிக்னல் ஒரு ஒயரில் போவதில்லை. ஒரு ஜோடியில் போகிறது. ஒன்றில் மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கும். பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது.

2. அருகில் ஓடும் மோட்டார், டியூப்லைட், மின் ஒயர் எல்லாம் கேபிளில் இரைச்சலை ஏற்படுத்தும். ஜோடியின் இரண்டு ஒயர்களும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கப்பட்டிருப்பதால் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுகிறது. வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கும்போது அது காணாமல் போகிறது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்த யோசனைக்கு 1881-இலேயே காப்புரிமை பெற்றார்.

3. பக்கத்து ஜோடியின் பேச்சு இந்த ஜோடியில் கேட்காமல் இருக்க, நான்கு ஜோடிகளையும் நான்கு வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்குகிறார்கள். ஒரு கேபிளை அரை அடி உரித்து வைத்துப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும்.

4. இப்போது குறுக்குவழிக்காரர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கம் பக்கமாக அழகாக அடுக்குகிறார். 3 ஆம் இடத்தில் வெள்ளை-பச்சை, 6 ஆம் இடத்தில் நீலம் வந்துவிடுகிறது. கருவி 3, 6 ஆம் பின்களை ஒரே ஜோடி என்று நம்பி சிக்னலை அனுப்புகிறது. உண்மையில் அந்த இரண்டு ஒயர்களும் வெவ்வேறு முறுக்குகளில் இருப்பவை. ஒன்றின் இரைச்சலை மற்றது சமன் செய்யாது. போதாக்குறைக்கு ஒவ்வொன்றும் தன் சொந்தத் துணையோடு முறுக்கிக்கொண்டு, அதன் பேச்சையும் வாங்கிக்கொள்கிறது.

இதற்குப் பிளவுபட்ட ஜோடி என்று பெயர். குட்டை கேபிளில், 10 மெகாபிட்டில் இது தப்பித்துவிடும். கிகாபிட்டுக்குப் போனால் பாக்கெட்டுகள் என்ற தகவல் பொட்டலங்கள் தொலையும், இணைப்பு விட்டு விட்டு வரும். விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது என்பதுதான் கொடுமை. அது ஒயர் தொடர்ச்சியை மட்டும்தான் பார்க்கிறது. எந்த ஒயர் எதனோடு முறுக்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நமக்கு இருக்கும் ஒரே வழி நிறம். அந்த நிறங்கள் இருப்பதே அதற்காகத்தான்.

இதே காரணத்துக்காக, பிளக்கில் செருகுவதற்கு முறுக்கைப் பிரிக்கும் நீளமும் சுமார் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வேலை எளிதாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்துவிட்டு, மீதியை பிளக்குக்கு வெளியே தொங்கவிடுவது கேட் 6 கேபிளுக்குக் கொடுத்த பணத்தை அந்த முனையிலேயே இழப்பது.

94-இல் நின்றுபோகும் வேகம்

வீட்டில் பலருக்கு வரும் ஒரு சந்தேகத்துக்கு இந்த எட்டு நிறங்களில் பதில் உண்டு. 200 அல்லது 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும், லேனில் சோதித்தால் வேகம் 94, 95 என்ற எண்ணிலேயே நிற்கிறதா? வைஃபையில் அதைவிட அதிகம் வருகிறதா? அப்படியானால் நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு ஒயர் அறுந்திருந்தாலோ, பிளக்கில் சரியாகப் பதியாவிட்டாலோ, பல கருவிகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஏனென்றால் அதற்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 100 மெகாபிட் இணைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக உண்மையில் கிடைப்பது 95-க்குச் சற்றுக் குறைவு. ஒரே கேபிளைப் பிரித்து ஆரஞ்சு, பச்சையை ஒரு கருவிக்கும் நீலம், பழுப்பை இன்னொரு கருவிக்கும் கொடுக்கும் சிக்கன வேலையும் இதே விளைவைத் தரும். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து எட்டு நிறமும் முனைவரை போயிருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. பழைய கருவியின் துளையே 100 மெகாபிட்டாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும்.

தரத்தைச் சொல்வது அச்சு

நிறத்தில் தேடும் தகவல் உண்மையில் உறையில் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். அதில் கவனிக்க வேண்டியவை:

1. வகை. கேட் 5இ என்றால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட்டது, கிகாபிட் 100 மீட்டர் வரை போகும். கேட் 6 என்றால் 250 மெகாஹெர்ட்ஸ். குறைந்த தூரத்துக்கு, சாதகமான சூழலில் 55 மீட்டர் வரை, 10 கிகாபிட் போகும். கேட் 6ஏ என்றால் 500 மெகாஹெர்ட்ஸ், 10 கிகாபிட் 100 மீட்டருக்கும் போகும். கேட் 8 சுமார் 30 மீட்டர் தூரத்துக்குள் டேட்டா சென்டரில் பயன்படுவது, வீட்டுக்குத் தேவையில்லை. கேட் 7 என்று தட்டையாக, சாதாரண பிளக்குடன் விற்கப்படுவதை நம்பி அதிக விலை கொடுக்காமல் இருப்பது நல்லது. டிஐஏ அந்த வகையை அங்கீகரிக்கவே இல்லை.

2. கம்பியின் தடிமன். 24, 23 என்று எண் இருக்கும். எண் குறைந்தால் கம்பி தடிமன்.

3. தீத் தன்மை. பிவிசி எரிந்தால் கரும்புகையும் அமில வாயுவும் வரும். மக்கள் கூடும் கட்டடங்களில் குறைந்த புகை தரும், ஹாலோஜன் இல்லாத உறையைக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கும் எல்லோரும் பின்பற்றும் நிறம் கிடையாது.

4. செம்பா, செம்புப் பூச்சா? இதுதான் பணத்தோடு பாதுகாப்பையும் தொடும் கேள்வி. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிள்கள் பளபளப்பான நிறங்களில், கேட் 6 என்ற அச்சுடன் மலிவாகக் கிடைக்கின்றன. அலுமினியத்தின் மின் கடத்தும் திறன் செம்பின் திறனில் சுமார் 61 சதவீதம்தான். அதே தடிமனில் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேட் தரங்கள் கேட்பது முழுச் செம்பு. பிஓஇ வழியாகக் கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது அந்தத் தடை வெப்பமாக வெளிப்படும். 2003-இல் 15.4 வாட் என்று தொடங்கிய பிஓஇ, 2018 தரத்தில் 90 வாட் வரை போய்விட்டது. கட்டுக்கட்டாக இறுக்கிய சிசிஏ கேபிள்களில் அதை ஓட்டுவது ஆபத்து. கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே அலுமினியம். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதனால் பெட்டி கையில் இலகுவாக இருந்தாலே சந்தேகப்படலாம்.

ஃபைபரில் நிலைமை வேறு

வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்ட காலத்தில் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் குழப்பம் தீராது. ஃபைபரில் உறையின் நிறம் உண்மையாகவே வகையைச் சொல்கிறது. உட்புறக் கேபிள்களில் மஞ்சள் என்றால் நீண்ட தூரம் போகும் ஒற்றைமுறை (சிங்கிள் மோட்) இழை. ஆரஞ்சு என்றால் பழைய பல்முறை (மல்டிமோட்) இழை. கடல்நீர்ப் பச்சை என்றால் வேகம் கூடிய பல்முறை இழை. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் வேலை செய்யாது. ஒற்றைமுறை இழையின் மையம் சுமார் 9 மைக்ரான், பல்முறையில் 50 அல்லது 62.5.

இணைப்பியின் நிறம் இன்னும் முக்கியம். வீட்டு ஃபைபர் பெட்டியின் பின்னால் பெரும்பாலும் பச்சை இணைப்பி இருக்கும். அதன் கண்ணாடி முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. திரும்பி வரும் ஒளி மூலத்துக்கே போய் இடையூறு செய்யாமல் பக்கவாட்டில் சிதறிப்போகவே அந்தச் சாய்வு. நீல இணைப்பியின் முனையில் சாய்வு கிடையாது. பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் செருகினால் உள்ளே போகும், பொருந்தியது போலவும் தெரியும். ஆனால் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனைகளில் கீறலும் விழலாம்.

ஃபைபர் கேபிளுக்குள் இருக்கும் இழைகளின் நிற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்றுதான் தொடங்குகிறது. அதே தொலைபேசிப் பட்டியல்.

உங்கள் இடத்துக்கு ஒரு முறை

ஒரு வீட்டுக்கு நிறம் பற்றிய கவலையே வேண்டாம். சுவரோடு ஒத்துப்போகும் நிறத்தை வாங்கலாம். பத்து கேபிளுக்கு மேல் ஒரே ரேக்கில் (கருவிகளை அடுக்கும் அலமாரி) சேரும் பள்ளி, மருத்துவமனை, சிறு அலுவலகம் என்றால் நிறம் உண்மையாகவே உதவும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான்:

1. மூன்று, நான்கு நிறங்களோடு நிறுத்துங்கள். மேசைகளுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, சுவிட்சுக்குச் சுவிட்ச் போகும் இணைப்புக்கு ஒன்று. எட்டு நிறம் வைத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. அவசரத்தில் ஒரு நிறம் கையிருப்பில் இல்லாமல் கையில் கிடைத்ததைச் செருகிய அன்றே முறை உடைந்துவிடும்.

2. ஒரே சர்வருக்கு இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் போடுங்கள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது தப்பும்.

3. நிறங்களின் பொருளை எழுதி ரேக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

4. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் போடுங்கள். நிறத்தைவிட எண்தான் முக்கியம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு ஆண்களிடையே அரிதல்ல. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் ரேக்கைத் திறக்கும் நாள் வரும். நம் மொழியில் கூடுதலாக ஒரு சிக்கல்: சிலர் ஊதா என்று சொல்வது நீலத்தை, சிலர் சொல்வது கத்தரிப்பூ நிறத்தை. "அந்த ஊதா ஒயரைக் கழற்றுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வதைவிட "17 ஆம் எண்ணைக் கழற்றுங்கள்" என்று சொல்வது பாதுகாப்பானது.

ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டுப் போன, எண் இல்லாத, பல நிறக் கேபிள்களால் நிறைந்த ரேக் உங்கள் பொறுப்புக்கு வந்தால், நிறத்தை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள். சுவிட்சின் நிர்வாகத் திரையில் எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாக வசதி இல்லாத சுவிட்ச் என்றால், வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு கருவியை அணைத்து, எந்தத் துளையின் விளக்கு அணைகிறது என்று பாருங்கள். கண்டுபிடித்த உடனே, கேபிளைக் கழற்றாமலே, இரு முனையிலும் எண் வளையத்தை மாட்டுங்கள். முதல் வளையம் இன்டர்நெட் உள்ளே வரும் கேபிளுக்குப் போகட்டும்.